உணர்ச்சிச் சொல்லை எடைபோட்டு எழுதும் முறை

வாசகரை இணங்கவைக்கும் கட்டுரையை எழுதி முடித்ததும், அதன் பெயர்ச்சொற்களுக்கும் அடைமொழிகளுக்கும் கீழே கோடிட்டு, அதே பொருளை வேறு எந்தச் சொல்லால் குறிக்கலாம் என்று ஓரத்தில் எழுதிப் பாருங்கள். 2011இல் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கிய தமிழ்நாடு அரசு, ‘இலவச’ என்பதை விடுத்து ‘விலையில்லா’ என்று பெயரிட்டது. கொடுத்த பொருள் ஒன்றே என்றாலும், முதற்சொல் கையேந்துவதை நினைவூட்ட, இரண்டாவது சொல் பெறுபவரின் மதிப்பைக் காக்கிறது. அதையே ‘ஓசி’ என்று ஒருவர் எழுதினால், வாதத்தைக் கேட்கும் முன்பே வாசகரிடம் ஏளனம் விதைக்கப்பட்டுவிடும். இதை நான் நேர்மையற்ற எழுத்தாகவே கருதுகிறேன். பத்திக்கு ஓர் உணர்ச்சிச் சொல் போதும். அடுத்த வாக்கியத்திலேயே அதற்குரிய சான்றை வையுங்கள். சான்று கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லை நீக்கிவிடுங்கள்.