ஐந்து மீட்டர்தானே என்று இறங்குகிறவர்களுக்கு

பாலித் தீவின் வடகிழக்கில் துலாம்பென் கரைக்குப் பக்கத்திலேயே முங்கிக் கிடக்கிறது லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல். 1942 ஜனவரியில் ஜப்பானிய டார்பிடோ தாக்கி, இங்கே கரையேற்றப்பட்டது. 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. மேல்பகுதி சுமார் 5 மீட்டரில், அடிப்பகுதி 30 மீட்டரில். படகு வேண்டாம், நீந்தியே போகலாம். வம்பே அதனால்தான்.

முதல் தவறு கரையிலேயே நடக்கும். அங்கே மணல் குறைவு, வழுக்கும் கருங்கற்கள்தான் அதிகம். ஃபின்ஸை (நீந்தக் காலில் மாட்டும் துடுப்பு) மாட்டிக்கொண்டு நடந்தால் அலையே உருட்டிவிடும். இடுப்பளவு தண்ணீருக்குப் போய் மாட்டுங்கள். உள்ளூர்ப் பெண்கள் டைவர்களின் காற்றுச் சிலிண்டரைத் தலையில் வைத்து அதே கல்லில் நடக்கிறார்களே என்றால், அது அவர்களுக்குப் பழக்கம்!

ஸ்நார்க்கல்காரர்கள், அதாவது சிலிண்டர் இல்லாமல் மூச்சுக்குழாயோடு மேலே மிதந்து பார்ப்பவர்கள், தம் கட்டி முங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்குவார்கள். அதனால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது. கார்பன் டை ஆக்சைடுதான் குறையும். மூச்சு முட்டும் உணர்வு வருமுன்பே மயக்கம் வந்துவிடலாம். ஒருவர் முங்கும்போது இன்னொருவர் மேலே மிதந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தம் கட்டியபடி இரும்புச் சட்டங்களுக்குள் நுழையும் வேலை வேண்டவே வேண்டாம்.

சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி முங்கும் ஸ்கூபாவில் இதற்கு நேர்மாறு: மூச்சை அடக்கவே கூடாது. 10 மீட்டரில் நுரையீரலில் இருக்கும் காற்று மேலே வருவதற்குள் இரு மடங்காக விரியும். ஆழம் குறையக் குறைய இந்த விரிவு வேகமாகிறது. கேமரா ஆடாமலிருக்கத் தன்னையறியாமல் மூச்சைப் பிடிப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

மேல்பகுதியைச் சுற்றிப் பார்த்துக் காற்றைத் தீர்த்துவிட்டு அப்புறம் ஆழத்துக்குப் போவதும் தலைகீழ் வேலை. ஆழத்தில் தொடங்கினால் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேறுவதற்காகக் கடைசி மூன்று நிமிடம் 5 மீட்டரில் நிற்பதைக் கப்பலைப் பார்த்தபடியே முடிக்கலாம். எதையும் பிடித்துக்கொள்ளாதீர்கள். துருவின் நிறத்திலேயே அசையாமல் படுத்திருக்கும் நச்சு முள்ளுள்ள தேள்மீன்.

டைவ் முடித்த கையோடு பாலியிலேயே இருக்கும் பத்தூர் மலையில் சூரியோதயம் பார்க்கக் கிளம்புகிறவர்களும் உண்டு. அந்த உச்சி 1,717 மீட்டர். உயரத்தில் காற்றழுத்தம் குறைந்தால் உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழிகளாகலாம்; அதற்கு மலையும் ஒரு குட்டி விமானப் பயணம்தான். பல டைவ் செய்தவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறார்கள்; மலைக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். நான் என்றால் பத்தூரை முதல் நாளே முடித்துவிட்டுத்தான் துலாம்பென் போவேன்.