உக்கடம் பெரியகுளத்துக்கு முதல் காலையைக் கொடுங்கள்

கோயம்புத்தூருக்கு விடுமுறையில் வருகிறவர்கள், வந்திறங்கிய மறுநாள் காலையை உக்கடம் பெரியகுளத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். அதற்குப் பின் எந்தக் காலையும் உங்களுடையதாக இருக்காது. உறவுக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். மிஞ்சியதை ஏதாவது ஓர் அலுவலகம் எடுத்துக்கொள்ளும். தொலைதூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு எப்படியும் விடியும் முன்பே தூக்கம் கலைந்துவிடும். வீட்டில் புரண்டு படுப்பதைவிடக் குளக்கரைக்குப் போவது நல்லது.

கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பாருங்கள். வெயில் முதுகில் விழும், பறவைகளின் நிறம் தெளிவாகத் தெரியும், பின்னால் மலைத்தொடர் நிற்கும். கல் பதித்த நடைபாதையை ஒட்டிப் பறவைகளைத் தேட வேண்டாம். சேறும் கோரையும் விட்டுவைத்திருக்கிற ஓரங்களில்தான் அவை மேயும். நெற்றியில் வெள்ளை நாமம் போட்டதுபோல் இருப்பது நாமக்கோழி. ஆகாயத்தாமரை மேல் நீண்ட விரல்களை ஊன்றி நடப்பது நீலத் தாழைக்கோழி. கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தால் பாம்புத்தாரா. நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும், ஏனென்றால் மூழ்கி மீன் பிடிக்கையில் அதன் இறகு நனைந்துவிடும். கூழைக்கடா கூட்டமாக இறங்கினால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதையே பாருங்கள். மீனை வளைத்து ஓட்டிக்கொண்டுபோய் எல்லாம் ஒன்றாக அலகைத் தண்ணீருக்குள் விடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வந்தால் வடக்கிலிருந்து வலசை வரும் நீலச்சிறகியும் கண்ணில் படலாம்.

இந்தக் குளம் தனியானது அல்ல. நொய்யலிலிருந்து அணைக்கட்டும் வாய்க்காலும் வைத்து, ஒன்று நிறைந்தால் அடுத்ததற்குத் தண்ணீர் போகும்படி முன்னோர் அமைத்த தொடரில் ஒன்று. கழிவுநீர் கலந்த நாட்களில் நாற்றம் அடிக்கும். அதைப் பார்த்துவிட்டு, நாம் விட்டுப்போன ஊர் கெட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். இந்தக் குளங்களைக் காப்பாற்றக் கரையில் இறங்கித் தூர் வாரியவர்கள் இங்கேயே இருந்தவர்கள்.

இந்தப் பயணத்தில் அந்தக் கரை எனக்கு வேறொரு காரணத்துக்காகவும் தேவைப்பட்டது. தாத்தாவின் நிலத்தில் அப்பாவின் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் எழுதித் தரும்படி சித்தப்பா கேட்டிருந்தார். பதிவு அலுவலகத்தில் என் பெயரிலேயே தடுக்கிவிட்டது. பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து இனிஷியல், கடவுச்சீட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராக, நிலத்தின் பழைய மூலப் பத்திரமான தாய்ப்பத்திரத்தில் அப்பாவின் பெயரே வேறு எழுத்துக்கூட்டலில். எல்லாத் தாளிலும் இருப்பது அதே நானும் அதே அப்பாவும்தான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். அதற்குச் சான்று தர வேண்டியவர் விடுப்பில் இருந்தார். அவர் வந்த நாளில் சர்வர் வேலை செய்யவில்லை. டோக்கன் காலாவதியானது. மறுபடி டோக்கன், மறுபடி அதே பெஞ்சு. மின்விசிறி இல்லாத அந்தத் தாழ்வாரத்தில் எழுபதைத் தாண்டிய என் சித்தப்பா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொதிக்கிறது. ஒரு நாற்காலியைக் காட்டக்கூட அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே, விமானம் ஏறும் முன்பே இவற்றைச் செய்துவிடுங்கள். வில்லங்கத்தை, அதாவது நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரங்களை, பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம், பட்டாவையும் இணையத்திலேயே எடுக்கலாம். எடுத்து, ஒவ்வொரு தாளிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அதைத் தருவது வட்டாட்சியர் அலுவலகம். ஊரில் இருப்பவரை வைத்து முன்பே வாங்கிவிடுங்கள். நேரில் வர முடியாதவர்கள் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, தங்களுக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். இன்னொன்றையும் யோசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாம், ஆனால் விலைக்கு வாங்க முடியாது. கைவிட்டதைப் பிறகு காசு கொடுத்து மீட்கலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

நான் யோசித்தேன். நிலத்துக்குக் கந்தாயம் என்கிற வரி கட்டியது சித்தப்பா. கிணறு வற்றிய ஆண்டுகளில் அந்த மண்ணோடு கிடந்தது சித்தப்பா. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்தான். நான் மறுநாள் தொலைபேசியில்தான் அழுதேன். அதை அவர் ஒருமுறையும் சொல்லிக்காட்டவில்லை. “உனக்கு மனசில்லை என்றால் வேண்டாம் கண்ணு” என்று மட்டும் சொன்னார். உறவினர் பத்திரம் கேட்டால் ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று வெளிநாட்டு நண்பர்கள் எச்சரிப்பார்கள். அப்படியும் நடப்பதுண்டு. ஆனாலும் கேட்பவர் இத்தனை காலம் என்ன சுமந்தார் என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

அலுவலகம் இழுத்தடித்த நாட்களில் அவரையும் குளத்துக்கு அழைத்துப் போனேன். பெரியவர்களோடு போகிறவர்கள் முழுச் சுற்றையும் நடக்க நினைக்க வேண்டாம். மூட்டுவலிக்காரர்களுக்குச் சிறிது தூரமே போதும், இடையிடையே உட்காருங்கள். கூட்டம் பிடிக்காதவர்களானால் சிங்காநல்லூர் குளத்துக்குப் போகலாம். அங்கே மரநிழல் அதிகம். 2017-இல் அதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தார்கள். பத்திரப் பேச்சை அங்கே நீங்களாக எடுக்காதீர்கள். அவர்கள் எடுத்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். எந்த வரப்பு யாருடையது, எந்தக் கிணறு எப்போது வெட்டியது, தாத்தா எந்த ஆண்டில் அந்த நிலத்தை வாங்கினார் என்பதெல்லாம் எந்தத் தாளிலும் முழுமையாக இருக்காது. குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.