ஊர்க் குளத்துக்கு ஒரு தொண்டர் குழு: புதிதாகத் தொடங்குவோருக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை குளங்களில் நின்று, சுண்ணாம்புக்கல்லுக்கூடாக இறங்கித்தான் எங்கள் கிணறுகளுக்கு வருகிறது. அந்தக் குளங்கள் பலவற்றில் இன்று பிளாஸ்டிக் போத்தலும் பொலித்தீனும் நிரம்பிக் கிடக்கின்றன. "துப்பரவாக்க வேண்டும்" என்று சொல்லாத ஊர் இல்லை. அதற்கென்று வட்ஸ்அப் குறூப்பும் இருக்கும். குறூப் இருந்தும் வேலை நடக்காததற்கு என் கணிப்பில் ஒரே காரணம்தான்: ஆட்களை முதலில் சேர்த்துவிட்டு வேலையைப் பிறகு தேடுகிறோம். இதை மாற்றிச் செய்யுங்கள்.

படி 1: குறூப்புக்கு முன் ஒரு சின்ன வேலை

நான்கைந்து பேர் போதும். முழுக் குளத்தையும் எடுக்காதீர்கள். ஒரு படிக்கட்டு, அல்லது வெள்ளம் உள்ளே வருகிற வாய்க்காலின் வாய், அவ்வளவுதான். ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் வற்றியிருக்கும், மழையும் வந்திராது. ஞாயிறு காலை ஆறரைக்குத் தொடங்கினால் வெயில் ஏற முன் எட்டரைக்கு முடிக்கலாம். ஒரே இடத்தில் நின்று முன்னும் பின்னும் ஒவ்வொரு படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஆள் சேர்க்கப் போகும்போது அந்த இரண்டு படங்களும்தான் உங்களுக்காகப் பேசும்.

படி 2: கேட்டுவிட்டு இறங்குங்கள்

சில குளங்கள் கமநல சேவை நிலையத்தின் பொறுப்பில், சில பிரதேச சபையிடம், சில கோயிலிடம். உங்கள் குளம் யாருடையது என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். சனசமூக நிலையத்தின் கடிதத் தலைப்பில் ஒரு கடிதம் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள். குப்பை அள்ளத்தான் இந்தக் கடிதம். மண் அள்ளுவதும் மரம் தறிப்பதும் வேறு விஷயம், அதற்குத் தனி அனுமதி வேண்டும். புதிதாகச் சங்கம் பதிய அவசரப்பட வேண்டாம். இருக்கிற சனசமூக நிலையத்துக்குக் கீழே வேலையைத் தொடங்கினால் பெரியவர்களும் மனம் கோணாமல் கூட வருவார்கள்.

படி 3: ஆளாளாய்க் கேளுங்கள்

"எல்லாரும் வாங்கோ" என்ற அழைப்பு யாருக்கும் போய்ச் சேராது. ஒவ்வொருவருக்கும் அவரவரால் முடிந்ததைக் கேளுங்கள். இப்படி:

"தம்பி, ஞாயிறு காலமை குளத்தடிக்கு வரேலுமே? ஆறரையிலயிருந்து எட்டரை மட்டுந்தான். நீர் லான்ட்மாஸ்டர் ஓடுவீர்தானே, உரப்பையளை ஏத்திக் கொண்டுபோய்ப் பறிக்க ஆள் வேணும்."

நேரம் தெரிகிறது, முடிவு தெரிகிறது, ஏன் அவரைக் கேட்கிறோம் என்பதும் தெரிகிறது. குனிந்து அள்ள முடியாத அம்மாவிடம் பிளேன்ரீயும் பணிசும் பொறுப்பாக ஒப்படையுங்கள். புதிதாக வந்தவரை வேலை இல்லாமல் அரை மணித்தியாலம் நிற்கவிட்டால் அடுத்த கிழமை அவர் வரமாட்டார். அவரோடு பழைய ஆள் ஒருவரைச் சோடி சேர்த்து விடுங்கள். அன்று பின்னேரமே பெயர் சொல்லி நன்றி அனுப்புங்கள்.

படி 4: இப்போது குறூப்

வட்ஸ்அப்பில் 2022 முதல் 'கம்யூனிட்டி' வசதி இருக்கிறது. அதற்குள் வரும் அறிவித்தல் பகுதியில் அட்மின்கள் மட்டும் எழுதலாம். அங்கே உறுப்பினர்களின் தொலைபேசி இலக்கம் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. சாதாரண குறூப்பில் எல்லா இலக்கமும் எல்லாருக்கும் தெரியும். பெண் பிள்ளைகள் தொண்டு செய்ய முன்வந்தும் குறூப்பில் சேரத் தயங்குவது பெரும்பாலும் இதனால்தான், அவர்களின் தயக்கம் நியாயமானது. ஆகவே ஊருக்கு அறிவித்தல் பகுதி, வேலைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன குறூப் என்று பிரித்து வையுங்கள்.

அட்மின் மூன்று பேராவது இருக்கட்டும், அவர்களில் ஒரு பெண் கட்டாயம். கட்சி, கோயில் வழக்கு, காலை வணக்கப் படம் மூன்றும் இங்கே வேண்டாம் என்று முதல் நாளே எழுதிப் போடுங்கள். யாராவது மீறினால் குறூப்பில் வைத்துக் கண்டிக்க வேண்டாம். தனியே போன் எடுத்துக் கதையுங்கள். நாலு பேருக்கு முன்னால் விழுந்த சொல் ஒரு குடும்பத்தையே குளத்தடிக்கு வராமல் பண்ணிவிடும்.

படி 5: வெளிநாட்டுச் சொந்தங்களும் காசும்

படங்களைப் பார்த்ததும் "எவ்வளவு அனுப்ப?" என்று கேட்பார்கள். முதல் சில மாதம் வாங்காதீர்கள். கையுறைக்கும் உரப்பைக்கும் ஊரிலேயே சேரும். பிறகு வாங்குவதானால் இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் காசு எடுக்கலாம் என்ற முறையில் வங்கிக் கணக்கு வேண்டும். வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதி, பற்றுச்சீட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டி, ஞாயிறு இரவு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். யாரும் கேட்க முன் போட வேண்டும். கேட்ட பிறகு காட்டுகிற கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சந்தேகம் போகாது.

வெளிநாட்டில் இருப்பவர்களும் போனில் சேருகிற கூட்டத்துக்கு இங்கே ஞாயிறு இரவு ஏழரை நல்ல நேரம். யூன், யூலையில் அது ரொறன்ரோவில் காலை பத்து, லண்டனில் பின்னேரம் மூன்று. மெல்பேணில் நள்ளிரவு பன்னிரண்டு, அவர்களுக்கு ஒலிப்பதிவை அனுப்புங்கள். யோசனை எல்லாரிடமும் கேட்கலாம். ஆனால் எந்தக் கரையை எப்போது துப்பரவாக்குவது என்று சேற்றில் இறங்குகிறவர்களே முடிவு செய்யட்டும்.

படி 6: பாதுகாப்பு

2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சலால் உயிர்கள் போயின. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காயம் வழியே உடம்புக்குள் போனால் அந்தக் காய்ச்சல் வரும். காலில் கையில் வெட்டுக்காயம் உள்ளவர்களைத் தண்ணீருக்குள் விடாதீர்கள். பூட்ஸ், கையுறை கட்டாயம். தடுப்பு மருந்து தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே கேளுங்கள். சேற்றுக்குள் அடையாளம் தெரியாத இரும்புப் பொருள் கிடந்தால் தொட வேண்டாம், அது போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம். எல்லாரையும் வெளியே எடுத்துவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

படி 7: மழைக்காலத்து வேலை

மழை தொடங்கினால் துப்பரவு நிற்கும், குழுவும் கலைந்துவிடப் பார்க்கும். அதற்கு முன்பே படிக்கட்டோரம் அளவு குறித்த தடி ஒன்றை நட்டுவிடுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் கரையில் நின்று நீர்மட்டத்தைப் பார்த்துக் குறூப்பில் போடட்டும், பக்கத்துக் கிணற்று மட்டத்தையும் சேர்த்து. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை அந்த முறையிலிருந்து விட்டுவிடுங்கள், முடிந்ததும் தாங்களே வருவார்கள். தை பிறந்ததும் அந்த அட்டவணையை எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போய், வாய்க்காலைத் திருத்தித் தரச்சொல்லிக் கேளுங்கள்.