ஸ்னூக்கர் லீக்: டேபிள் ஒன்றுதான், ஆனால் ஆட்டம் சமமா?

"ரெண்டு பேரும் ஒரே டேபிள்லதானே ஆடுறாங்க, இதுல என்ன அநியாயம்?" உள்ளூர் லீக் நடத்துபவர்கள் அடிக்கடி சொல்லும் வாதம் இது. முதல் தவறும் இதுதான். நடுப் பாக்கெட் பக்கம் மெதுவாக விட்ட பந்து ஓரமாக இழுக்கிறது என்றால், அந்தக் கிளப்பில் தினமும் ஆடுபவருக்கு அது கைப்பழக்கம். வந்த அணிக்கு அது பிடிபடுவதற்குள் இரண்டு ஃப்ரேம் (ஃப்ரேம் என்பது ஒரு தனி ஆட்டம்) போய்விடும்.

மற்ற எல்லாவற்றையும்விடப் பந்துகளில்தான் கோளாறு அதிகம். விதிப்படி விட்டம் 52.5 மி.மீ.; கூடவோ குறையவோ 0.05 மி.மீ. வரை போகலாம். ஒரு செட்டின் 22 பந்துகளுக்குள் எடை வித்தியாசம் 3 கிராமைத் தாண்டக் கூடாது. குச்சியின் எல்லா அடியும் வெள்ளைப் பந்தின் மேல் விழுவதால் அதுதான் முதலில் தேயும். உடனே வெள்ளையை மட்டும் புதிதாக வாங்கிப் போடுகிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. தேய்ந்த சிவப்புகளைவிட வெள்ளை கனமாகிவிட்டால், ஸ்டன் (மோதிய இடத்திலேயே வெள்ளை நிற்கும்படி அடிப்பது) அடித்தாலும் நிற்காமல் முன்னே நகரும்; ஸ்க்ரூ, அதாவது மோதியபின் வெள்ளை பின்னால் வருவது, குறையும். வெள்ளை லேசாக இருந்தால் நேர்மாறு: நிற்க வேண்டிய பந்து பின்னால் வரும். உள்ளூர்க்காரர் இதற்கேற்பக் கையைப் பழக்கியிருப்பார். சீசன் தொடங்கும் முன் 0.1 கிராம் காட்டும் சிறு தராசில் 22 பந்துகளையும் நிறுத்து எழுதி வையுங்கள். 3 கிராமைத் தாண்டினால் முழு செட்டையும் மாற்றுங்கள்.

அடுத்தது துணி. அதன் நேப் (மேலே உள்ள மெல்லிய இழை), ஆட்டம் தொடங்கும் முனையான பால்க் பக்கத்திலிருந்து கறுப்புப் பந்தின் பக்கம் சாய்ந்திருக்கும். பிரஷ்ஷும் அயர்னும் அந்தத் திசையில் மட்டும்தான் போக வேண்டும், பிரஷ் முதலில். முன்னும் பின்னும் தேய்த்தால் நேப் கலைந்து மெதுவான பந்து தடுமாறும். அயர்னைப் பழைய செய்தித்தாளில் வைத்துப் பாருங்கள். தாள் பழுப்பு நிறமானால் சூடு அதிகம். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் துணி ஈரம் இழுத்துக் கனக்கும். மேட்ச் தொடங்கும்போது ஏசி போட்டால் ஆட்டத்தின் நடுவிலேயே வேகம் மாறும். இரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள்.

மட்டம் பார்க்க நேப்புக்கு எதிராகப் பந்தை உருட்டாதீர்கள். இழுப்பது துணியா, சாய்வா என்று தெரியாது. நல்ல ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள்.

பால்க் கோடு அந்தப் பக்கக் குஷன் (டேபிளின் ரப்பர் விளிம்பு) முகத்திலிருந்து 737 மி.மீ., அந்தக் கோட்டில் உள்ள 'டி' என்ற அரைவட்டத்தின் ஆரம் 292 மி.மீ., கறுப்புப் புள்ளி எதிர்முனையான மேல் குஷனிலிருந்து 324 மி.மீ. துணி மாற்றிப் புதிதாகக் கோடு போட்ட அன்றே அளந்துவிடுங்கள்.

பாக்கெட்டை வாயகலம் மட்டும் அளந்து சரி என்று விடுவதும் தவறு. பாக்கெட் ஓரக் குஷனின் உள்வெட்டும் வளைவும்தான் பந்தை வாங்குகின்றன. அதைச் சரிபார்க்கத்தான் டெம்ப்ளேட் என்ற அளவு அச்சு இருக்கிறது. தாராளமான பாக்கெட்டில் எடுத்த 60-ஐயும் இறுக்கமான பாக்கெட்டில் எடுத்த 60-ஐயும் ஒரே ஹை பிரேக் (ஒரே முறையில் தொடர்ந்து எடுத்த அதிகப் புள்ளி) பரிசுக்குச் சேர்ப்பது நியாயமே இல்லை. டெம்ப்ளேட்டில் தேறாத டேபிளின் பிரேக்கைப் பரிசுக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஃப்ரேம் நடுவே பந்தை மாற்ற இரு ஆட்டக்காரரும் ஒப்ப வேண்டும், அல்லது ரெஃப்ரி முடிவு செய்ய வேண்டும். உள்ளூர் கேப்டன் தானாக மாற்ற முடியாது. ரெஃப்ரி இல்லாத லீக்கில் யார் முடிவு செய்வது என்பதை முன்பே எழுதி வையுங்கள்.

வந்த அணிக்குப் பத்து நிமிடப் பயிற்சி கொடுங்கள், மேட்ச் பந்துகளிலேயே. பயிற்சிக்கு ஒரு செட், மேட்சுக்கு வேறு செட் என்றால் அந்தப் பத்து நிமிடமும் வீண்.