வௌவால் கணக்கெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரிப் பகுதியில் வௌவால் வகைகளைக் கணக்கெடுக்கப் புறப்படுவோர், பட்டப்பகலில் பெரிய மரங்களில் கூட்டமாகத் தலைகீழாகத் தொங்கும் இந்தியப் பழந்தின்னி வௌவால்களைத்தான் முதலில் தேடிப் போகிறார்கள். அங்கேயே வாரக்கணக்கில் நின்றுவிட்டால் பதிவேட்டில் எண்ணிக்கை பெருகுமே தவிர, வகை ஒன்றும் கூடாது.

பெரும்பாலும் விடுபட்டுப் போவது பனைதான். வெட்டாமல் விட்ட காவோலைகள் அடிமரத்தோடு படிந்து தொங்கும் மரங்களில், அந்த மடிப்புகளுக்குள் மஞ்சள் வௌவால்கள் பகலைக் கழிக்கின்றன. ஓலை கழித்த மரங்களை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் 'பனையில் ஒன்றுமில்லை' என்று எழுதுவது சரியன்று. மரத்தடியில் கிடக்கும் எச்சத்தைக் குச்சியால் அழுத்திப் பார்க்கலாம். பூச்சியுண்ணும் வௌவாலின் எச்சம் மினுங்கும் ஓட்டுத் துணுக்குகளாகப் பொடிந்து உதிரும். எலிப்புழுக்கை அப்படி உதிராது. எந்த மரம் எப்போது கழிக்கப்பட்டது என்பதைப் பனையேறிகளைப் போல வேறு யாரும் சொல்லிவிட முடியாது.

வௌவால்கள் எழுப்பும், நம் காதுக்கு எட்டாத ஒலியைப் பதிவு செய்யும் மீயொலிக் கருவி ஒன்றே போதும் என்று நம்புவது அடுத்த தவறு. இந்தியப் பழந்தின்னி வௌவால் எதிரொலியைக் கொண்டு வழியறிவதில்லை. கண்ணையும் மூக்கையுமே நம்புகிறது. பழைய மண்டபங்களில் தங்கித் தவளை, பல்லி, பெரும்பூச்சிகளைத் தின்னும் பெருஞ்செவி வௌவாலோ மிக மெல்ல ஒலிப்பதால், சில அடி விலகினாலே கருவியில் பதிவாகாமல் போகலாம். அதை மண்டபத் தரையில் சிதறிக் கிடக்கும் அந்துப்பூச்சிச் சிறகுகளும் தவளை எலும்புகளும்தான் காட்டிக்கொடுக்கும். ஒரே வகை வௌவால் வெட்டவெளியில் ஒரு விதமாகவும் மரக்கிளைகளுக்கிடையே வேறு விதமாகவும் ஒலிக்கும் என்பதால், ஒற்றைப் பதிவை வைத்துப் பெயரிடுவதும் ஆபத்தானது.

வடகிழக்குப் பருவமழையின் இரண்டு மூன்று மாலைகளை மட்டும் வைத்து ஆண்டு முழுவதற்குமான பட்டியல் எழுதக் கூடாது.

குட்டி சுமக்கும் காலத்தில் விளக்கடித்தோ கல்லெறிந்தோ கூட்டத்தைக் கலைப்பது மன்னிக்க முடியாத பிழை. பெரும்பாலும் ஒற்றைக் குட்டியே ஈனும் இவ்வுயிர்களுக்குக் கீழே விழும் ஒவ்வொரு குட்டியும் பெரிய இழப்பு. பழந்தின்னிகளைக் கொல்லத் தடையில்லாத தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்த பழைய கையேடுகளை நம்பவும் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. வலை கட்ட வனத்துறை அனுமதி வேண்டும். வெறுங்கையால் தொடுவது, வெறிநோய் அபாயம் இருப்பதால், அனுமதி பெற்றவருக்கும் கூடாது.

தேடியும் தென்படாத வகைக்கு நேரே 'இல்லை' என்று எழுதாமல், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்த முறையில் தேடியும் காணவில்லை என்று குறித்தால், அடுத்து வருபவர் அதே பனந்தோப்பில் எங்கிருந்து தொடங்குவது என்று அறிந்துகொள்வார்.