மாதா உருவம் உள்ள பழைய வெள்ளிக் காசை வீட்டில் வைத்தே சோதிப்பது எப்படி

ஜேர்மனியிலிருந்தோ சுவிசிலிருந்தோ வந்த மாமா ஒருவர் கையில் திணித்துவிட்டுப் போன பெரிய வெள்ளிக் காசில் ஒரு பக்கம் குழந்தை இயேசுவோடு மாதாவும் மறுபக்கம் கோல் பிடித்த ஆயரும் இருந்தால், அது சால்ஸ்பூர்க் தாலராக (தாலர் என்பது அந்தக் காலத்துப் பெரிய வெள்ளிக் காசு) இருக்கலாம். இன்று ஒஸ்திரியாவில் இருக்கும் சால்ஸ்பூர்க், 1803 வரை பேராயர்களே ஆண்ட தனி நாடு.

முதலில் எழுத்தைப் பாருங்கள். 'பாரிஸ்' என்று இருந்தால் பிரான்ஸ் காசு என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அது பாரிஸ் லோட்ரோன் என்ற பேராயரின் பெயர். 1619 முதல் 1653 வரை ஆண்டவர், ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர் சுற்றிலும் எரிந்தபோது தன் நாட்டை அதற்குள் விழாமல் காத்தவர். கோல் பிடித்திருப்பவர் சால்ஸ்பூர்க்கின் காவல் புனிதரான ரூபெர்ட், மற்றக் கையில் உப்புப் பாத்திரம் இருக்கும். அந்த நாடு உப்பு விற்றுச் செழித்தது. ஆனையிறவு உப்பளப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காசு சதுரமாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டாம், சால்ஸ்பூர்க்கில் அப்படியும் அடித்தார்கள்.

அடுத்து நிறை. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தெரிந்த நகைக்கடையில் கேட்டால் நிறுத்துத் தருவார்கள். 28, 29 கிராம் அளவில் இருக்க வேண்டும், குறுக்களவு 4 சென்ரிமீற்றரை ஒட்டி வரும். காந்தம் ஒட்டினால் போலி, அதோடு விட்டுவிடலாம். ஒட்டாவிட்டாலும் முடிந்துவிடாது, செம்பும் ஈயமும்கூட ஒட்டாதே.

அதனால் தண்ணீர்ச் சோதனைதான் முக்கியம். தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள், காசை நூலில் கட்டி அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் முழுதாக அமிழ்த்திப் பிடியுங்கள். காசின் நிறையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் 10.3 அளவில் வர வேண்டும், ஏனென்றால் இதில் சுமார் 89 வீதம் வெள்ளி, மிச்சம் செம்பு. 9க்குக் கீழே வந்தால் வெள்ளிப் பூச்சுப் போட்ட செம்போ பித்தளையோதான். அப்புறம் பூதக்கண்ணாடியால் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: ஒட்டிய கோடோ சின்னக் குமிழிகளோ தெரிந்தால் உருக்கி அச்சில் வார்த்த போலி.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், புளி, சாம்பல், திருநீறு எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்புப் படிந்த காசைத்தான் சேகரிப்பவர்கள் விரும்புவார்கள், பளபளக்கத் தேய்த்ததற்கு விலை விழும். நகைக்கடையில் வெள்ளி நிறைக்கு விற்கவும் வேண்டாம், உருக்கிவிடுவார்கள்.