இன்வெர்ட்டர் பேட்டரி: முதலில் சார்ஜ், அப்புறம் தண்ணீர்

வீட்டு இன்வெர்ட்டரோடு வரும் 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு) டியூபுலர் பேட்டரியை ஒழுங்காகக் கவனித்தால் ஐந்தாறு வருஷம் தாராளமாக உழைக்கும். தண்ணீர் வற்றினால் பேட்டரி போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். நேரம் தவறி ஊற்றிய தண்ணீரும் அதே கெடுதலைச் செய்யும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. அதனால் இந்தச் செய்முறையில் மற்றதைச் சுருக்கமாகச் சொல்லி, அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தேவையான சாமான்கள்: 5 லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர் கேன், பிளாஸ்டிக் புனல், ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி), டிஜிட்டல் மல்டிமீட்டர், டெர்மினல் (ஒயர் மாட்டும் முனை) நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், சமையல் சோடா, பழைய பல் துலக்கும் பிரஷ், வாசலின், ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி. ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். அது தவறி இரண்டு டெர்மினலையும் ஒன்றாகத் தொட்டால், அந்த நொடியே தீப்பொறி பறந்து இரும்பு உருகும். மோதிரம், வளையல், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். ஆசிட் ஒரு சொட்டு பட்டால்கூட பருத்தித் துணி ஓட்டை விழும், அதனால் பழைய உடுப்பே நல்லது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் விளக்கு, ஊதுவத்தி எதுவும் எரியக் கூடாது.

முதல் வேலை, பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்றுவது. கரண்ட் கட் ஆகாத ஓர் இரவு முழுக்க, குறைந்தது 10 மணி நேரம் ஓடட்டும். காலையில் இன்வெர்ட்டரின் முன் சுவிட்சை அணைத்து, மெயின் இணைப்பையும் நிறுத்தி, அரை மணி நேரம் விடுங்கள். உள்ளே குமிழ் அடங்க வேண்டும்.

ஏன் இந்த வரிசை? பேட்டரி இறங்கும்போது ஆசிட்டில் உள்ள சல்பேட் தகடுகளில் போய் ஒட்டிக்கொள்ளும், திரவ மட்டம் தாழும். சார்ஜ் ஏறும்போது அது திரும்ப ஆசிட்டாகிறது. கூடவே வாயுக் குமிழும் கிளம்பி மட்டத்தை உயர்த்துகிறது. இறங்கிக் கிடக்கும் பேட்டரியில் மிதவையின் பச்சைக் கோடு (நிறைந்த மட்டம்) வரை தண்ணீர் ஊற்றினால், இரவு சார்ஜ் ஏறும்போது மூடி வழியாகப் பொங்கி வழியும். வழிவது வெறும் தண்ணீர் இல்லை, ஆசிட். அடுத்த முறை அந்தக் குறைவை நீங்கள் தண்ணீரால் நிரப்புவீர்கள். நாலு தடவை இப்படி நடந்தால் உள்ளே இருப்பது நீர்த்துப்போன ஆசிட்தான். பேட்டரியின் தலையில் எப்போதும் ஈரம், டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடப்பது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த வழிசல்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு. மட்டம் மிகவும் தாழ்ந்து தகடு வெளியே தெரிந்தால், தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, பிறகு சார்ஜ் ஏற்றி, மிச்சத்தை அதற்கப்புறம் ஊற்றுங்கள்.

மட்டம் காட்டும் மிதவையை அப்படியே நம்பிவிடாதீர்கள். விரல் நுனியால் மெல்ல அழுத்தி விடுங்கள், குதித்து மேலே வர வேண்டும். அழுக்கில் சிக்கிய மிதவை, உள்ளே காய்ந்து கிடந்தாலும் பச்சையையே காட்டிக்கொண்டிருக்கும்.

மட்டம் சிவப்புக் கோட்டுக்கு (குறைந்த மட்டம்) மேல் இருந்தால், ஊற்றுவதற்கு முன்பே ஹைட்ரோமீட்டரால் கிராவிட்டி (ஆசிட்டின் அடர்த்தி) எடுத்துவிடுங்கள். ஊற்றிய கையோடு எடுத்தால், புதுத் தண்ணீர் கலக்காமல் மேலேயே நிற்கும். நல்ல செல்லும் (பேட்டரிக்குள் உள்ள ஆறு அறைகளில் ஒன்று) செத்துப்போனது போலக் காட்டும். ஹைட்ரோமீட்டரின் ரப்பர் பம்பை அமுக்கி, குழாயை உள்ளே விட்டு, மெல்ல விடுங்கள். கருவிக்குள் உள்ள மிதவை சுவரில் ஒட்டாமல் நிற்கட்டும். கருவியைச் செங்குத்தாகப் பிடித்து, கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள். ஆறு செல்லையும் எடுத்துத் தாளில் எழுதுங்கள். முழு சார்ஜில் டியூபுலர் பேட்டரிக்கு 1.240 சுற்றுவட்டாரம் இருக்கும். கருவியில் 1240 என்று அச்சிட்டிருப்பார்கள். இந்தக் கணக்கு 27 டிகிரி வெப்பத்துக்கு. ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் 0.007 கூட்டிக்கொள்ளுங்கள். ஆக, மே மாதம் ஆசிட் 37 டிகிரியில் இருக்கும்போது 1.233 வந்தால் பயப்பட வேண்டாம்.

1240, 1235, 1240, 1180, 1235, 1240 என்று வந்தால் நாலாவது செல்லில்தான் கோளாறு. இன்னொரு நீண்ட சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். அப்போதும் 50 புள்ளி பின்தங்கியே இருந்தால் அந்தப் பேட்டரியில் பணம் செலவழிக்காதீர்கள். ஆசிட் வாங்கி ஊற்றிச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் சல்பேட் தகட்டில் கெட்டியாகிப் போனதால்தான் கிராவிட்டி குறைகிறது. மேலே ஆசிட் சேர்த்தால் அளவு மட்டும் அழகாகத் தெரியும், தகடு இன்னும் வேகமாக அரிக்கும்.

இப்போது தண்ணீர். ஒவ்வொரு மூடியாகத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக, பச்சைக் கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நிறுத்துங்கள். மூடியை அழுத்தி மாட்டி, இன்வெர்ட்டரைப் போட்டு, இரண்டு மூன்று மணி நேரம் சார்ஜில் விட்டால் தண்ணீர் கலந்துவிடும். வெயில் காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மட்டத்தைப் பாருங்கள், மற்ற நாட்களில் மூன்று மாதம் போதும்.

டெர்மினல் சுத்தம் சுலபமான வேலை. இன்வெர்ட்டரையும் மெயின் இணைப்பையும் மறுபடி அணைத்து, மூடிகள் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சோடா கரைத்து பிரஷ்ஷால் தேயுங்கள், நுரை அடங்கும் வரை. சோடாத் தண்ணீர் செல்லுக்குள் போகவே கூடாது, உள்ளே இருக்கும் ஆசிட்டையே அது முறித்துவிடும். ஈரத்தைத் துடைத்து, பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில் மாட்டி இறுக்குங்கள். வாசலின் பூசுவது இறுக்கிய பிறகுதான்.

கரண்ட் கட்டே இல்லாத வீட்டிலும் பேட்டரி கெடுகிறது. மாதம் ஒருமுறை மெயினை அணைத்து, ஃபேன், லைட்டை ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஓட்டிவிட்டு மறுபடி முழு சார்ஜ் ஏற்றுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகு சென்னையில் பல பகுதிகளில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி முழுக்க இறங்கிய பேட்டரியை வாரக்கணக்கில் சும்மா போடுவதுதான் அதற்குச் செய்யும் மிகப் பெரிய கேடு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் முன், செப்டம்பரிலேயே இந்த வேலைகளை முடித்து, பேட்டரியைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்கு: மூடியில்லாத சீல் பேட்டரியில் தண்ணீர் வேலை கிடையாது, மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் நலம், 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். வரவில்லை என்றால் பேட்டரியை மாற்றும் முன் ஆல்டர்னேட்டரை (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் பாகம்) பாருங்கள். புதுக் கார்கள் சிலவற்றில் கணினியே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும், அங்கே இந்த எண் கொஞ்சம் ஏறி இறங்கலாம்.

பின்சேர்க்கை: ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், பாட்டில் மினரல் வாட்டர் இவற்றை ஊற்றலாமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கூடாது. ஏசி தண்ணீர் செம்பு, அலுமினியக் குழாய்களையும் தூசியையும் கழுவிக்கொண்டு வருவது. ஆர்ஓவில் கொஞ்சம் உப்பு மிஞ்சியே இருக்கும். மினரல் வாட்டரில் தாதுக்கள் இருக்கின்றன என்று பெயரே சொல்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போனாலும் உப்பு உள்ளேயே தங்கும், ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொண்டே போகும். அவசரத்துக்கு ஒரு தடவை என்றால்கூட, டிஸ்டில்ட் வாட்டர் கிடைக்கும் வரை இன்வெர்ட்டரை அணைத்து வைப்பதே மேல்.